செலீன் முனகாத நாள்

தங்கை செலீனுக்குக் காய்ச்சல் வருத்தமென்று வந்தால் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். அக்கா மெற்றில்டாவுக்கு வந்தால் அடுப்புக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதிலிருந்தே அது அப்படித்தான் நடந்து வந்தது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே வளையும் ஓர் ஒழுங்கையில், இரண்டு தட்டு வீட்டின் மேல்தட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். செலீனுக்குக் குழந்தையிலேயே நெஞ்சு பலவீனம். மழை இருண்டால் முட்டு வந்துவிடும். மூச்சு இழுத்து இழுத்து நெஞ்சு விசிலடிக்கும். அம்மா அவளை மடியில் நிமிர்த்தி வைத்து முதுகைத் தடவியபடி இருப்பாள். ஆறு வயது மூத்த மெற்றில்டா சுடுதண்ணீர் வைப்பாள், யூகலிப்டஸ் எண்ணெய் எடுத்து வருவாள், துவாயை நனைத்துப் பிழிந்து கொடுப்பாள். நீ சாப்பிட்டாயா, உனக்கு நித்திரை வரவில்லையா என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவள் எப்போதும் சுகமாகத்தான் இருந்தாள். அந்தச் சுகத்தை ஒரு குறைபாட்டைச் சுமப்பதுபோலச் சுமந்தாள்.

செலீன் கெட்டிக்காரி. கணக்குச் சோதனை வருகிற காலையில் அவளுக்கு முட்டு வரும். அம்மா ஏமாந்துபோய்ப் பள்ளிக்கூடத்தை மறிப்பாள். மெற்றில்டா ஏமாறமாட்டாள். பொய் முட்டென்றால் செலீன் நிறையக் கதைப்பாள். 'அம்மா, இஞ்சை நோகுது, அம்மா, ஹோர்லிக்ஸ் கரைச்சுத் தாங்கோ' என்று வாய் ஓயாது. மெய் முட்டென்றால் கதையே இராது. கட்டில் விளிம்பில் குந்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி, எங்கேயோ பார்த்தபடி மூச்சோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். இந்த வித்தியாசத்தை மெற்றில்டா யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள். அதில் பொய்யும் இல்லை.

மெற்றில்டா துறைமுகத்தில் கிளாக்காக இருந்த பற்றிக்கைக் கட்டி, பெற்றோருக்குப் பிறகும் அதே மேல்தட்டில் இருந்துவிட்டாள். டெல்றீன் என்று ஒரே மகள். செலீன் சவுந்தரநாயகம் என்ற பாங்க்காரரைக் கட்டி யாழ்ப்பாணம் போனாள். சண்டை முற்றியபோது அவர் எப்படியோ கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். செலீன் தொண்ணூற்றைந்தில் ஊரெல்லாம் இடம்பெயர்ந்தபோது சனத்தோடு சனமாக நடந்து, வன்னியில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகைக்குள் கிடந்து, அங்கிருந்து வெளியேறப் பாஸ் எடுத்து, அடுத்த வருடம் கொழும்புக்கு வந்தாள். வந்த அன்றே பொலிசில் பதிந்துவிட்டு அக்கா வீட்டிலேயே தங்கினாள். கணவர் ஸ்பொன்சர் பண்ணியிருந்தார். கனடா விசா வரும்வரை இருப்பதாகப் பேச்சு.

செலீன் நடந்து வந்த கதையை ஒழுங்கையே வந்து கேட்டது. கீழ்த்தட்டு ருக்கியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பற்றிக் சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டுத் தொடாமல் இருந்தார். மெற்றில்டாவுக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் அந்தக் கனத்துக்கு அடியில், ஒரு மூலையில், 'துன்பம்கூட இவளுக்குத்தான் வாய்க்குது' என்று ஒன்று முணுமுணுத்தது. அதைக் கேட்டு அவளே பயந்துபோய், எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அதன்பிறகு வீட்டின் போக்கே மாறிவிட்டது. பற்றிக் வேலையால் வரும்போது சீனிச் சம்பல் பணிஸ் வாங்கி வருவார். அது செலீனுக்குப் பிடிக்கும். டெல்றீன் தலை பின்னச் சின்னம்மாவிடம்தான் போனாள். செலீன் ஏதாவது சொன்னால் பற்றிக் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அப்படியொரு சிரிப்பு இருந்ததே கல்யாணம் முடித்த இத்தனை வருடத்தில் மெற்றில்டாவுக்குத் தெரியாது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆனி மாதம், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு எல்லோருமாகப் போனார்கள். சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்த சனம் கோவிலுக்குள் மூச்சுவிட இடமில்லாமல் நெருங்கி நின்றது. இருமல் இல்லாத ஆளே இல்லை. திரும்பி வந்து இரண்டொரு நாளில் பற்றிக் படுத்தார். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல நோ, தலையிடி, குளிர்நடுக்கம், பிறகு வறண்ட இருமல். அவர் எழும்ப டெல்றீன் படுத்தாள். டெல்றீன் தேறி வரும்போது மெற்றில்டாவுக்குக் காய்ந்தது.

அவள் படுக்கவில்லை. பனடோலைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். முதுகு பிளந்துபோகும்போல இருந்தபோதும் உடுப்புத் தோய்த்தாள். ஒரு மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வந்து குசினிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். பற்றிக் எட்டிப் பார்த்து, "மெற்றி, இண்டைக்கு ரசத்துக்கு உப்புக் காணாது" என்றார்.

அவள் உப்புப் போட்டாள்.

அந்தக் காய்ச்சல் ஓயும்போது செலீனைப் பிடித்தது. அவ்வளவுதான், வீடு ஆஸ்பத்திரியாகிவிட்டது. செலீன் முனகினாள். பக்கத்து அறையிலும் குசினியிலும் படிக்கட்டிலும் கேட்கும்படி முனகினாள். "ஐயோ அத்தான், எலும்பெல்லாம் முறியுது", "டெல்றீன், போர்வையைக் கொஞ்சம் இழுத்துவிடு குஞ்சு", "அக்கா, மாமைற் கொஞ்சம் சுடச்சுடக் கரைச்சுத் தாறீங்களே". ருக்கியா கொத்தமல்லி அவித்த தண்ணீரைப் போத்தலில் கொண்டு வந்தாள். பற்றிக் தோடம்பழம் உரித்து விதை எடுத்துச் சுளையாகக் கொடுத்தார். மெற்றில்டா வாசலில் நின்று அந்த விதைகளைப் பார்த்தாள். இந்த மனுசன் விதை எடுப்பார் என்று யார் நினைத்தது?

டிஸ்பென்சரியிலிருந்து டொக்டர் கனகசபாபதியையும் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார் பற்றிக். வயதான மனிதர், படியேறி வந்து மூச்சு வாங்கினார். செலீனின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"வைரஸ் காய்ச்சல். ஊர் முழுக்க இதுதான்" என்றார். "இதுக்கெண்டு பெரிய மருந்தொண்டும் இல்லை. பனடோல், தண்ணி, ஓய்வு. முட்டு மருந்தை மட்டும் விடவேண்டாம். நாலைஞ்சு நாளில காய்ச்சல் விடும், இருமல் கொஞ்சம் இழுபடும்."

"அப்ப பயமில்லையே டொக்டர்?" என்று பற்றிக் கேட்டார்.

"முக்கால்வாசிப் பேருக்கு ஒண்டுமில்லை. ஆனா முட்டுக்காரரைக் கண் வைச்சுப் பாக்கவேணும். காய்ச்சல் விட்டுச் சுகமா இருந்திட்டுத் திரும்பக் காய்ஞ்சா, அது நல்லதில்லை. மூச்சு வேகமா எடுத்தா, ஒரு வசனம் கதைச்சு முடிக்க மூச்சுக் காணாட்டி, மூச்சு எடுக்கேக்க விலாவில குத்தினா, உதடு நிறம் மாறினா, ஆள் மாறாட்டமாக் கதைச்சா, என்னட்ட வந்து மினக்கெடவேண்டாம். நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. சத்தம் போடுற நோயாளிக்கு நான் பயப்பிடுறேல்லை. சத்தம் போடாத நோயாளிக்குத்தான் பயம்."

பற்றிக் தலையாட்டினார். மெற்றில்டா டொக்டருக்குக் கைகழுவத் தண்ணீர் வைத்திருந்தாள். அவர் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்தது. ஆனால் அப்போது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். எனக்கும் இதே காய்ச்சல்தான் வந்தது. எனக்கு யாரும் படியேறி வரவில்லை.

டொக்டர் சொன்னபடியே காய்ச்சல் விட்டது. செலீன் தலையணையில் சாய்ந்திருந்து கதை சொல்லத் தொடங்கினாள். கனடாவிலிருந்து சவுந்தரநாயகம் போன் எடுத்தார். கீழே ருக்கியா வீட்டு போனுக்குத்தான் அழைப்பு வரும். பற்றிக் செலீனைக் கைபிடித்துப் படியிறக்கிக் கூட்டிப் போனார். விசாவுக்கான மெடிக்கல் அந்த வெள்ளிக்கிழமை என்று நாள் கிடைத்திருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அது சரிவந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பயணம்.

"அங்க வீட்டுக்குள்ளயே சூடு வரப் பண்ணுவினமாம் அக்கா" என்றாள் செலீன். "வெளியில பனி கொட்டுமாம், உள்ளுக்க நாங்கள் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு இருக்கலாமாம்."

"நல்லது" என்றாள் மெற்றில்டா. அவள் குளிருக்குப் பேர்போன நுவரெலியாவுக்குக்கூடப் போனதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பற்றிக் வேலைக்கும் டெல்றீன் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, மெற்றில்டா செலீனின் அறையைக் கூட்டப் போனாள். செலீன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, திரும்பக் காயுதோ?"

"ஒண்டுமில்லை அக்கா. காத்தாடி கூடப் போச்சு."

காத்தாடி நின்றுபோயிருந்தது. மெற்றில்டா சுவிட்சைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், கூட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பத்து மணிபோலத் தேத்தண்ணீர் கொண்டு போனபோது, செலீன் எழுந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். கைகள் முழங்காலில் ஊன்றியிருந்தன.

"மருந்து எடுத்தனியோ?"

"ஓம்" என்றாள் செலீன். ஒரு மூச்சு. "எடுத்தனான்." இன்னொரு மூச்சு. "அத்தானுக்கு..." மூச்சு. "சொல்லவேண்டாம்."

"எதைச் சொல்லவேண்டாம்?"

"வெள்ளிக்கிழமை..." அவள் வலது விலாவைக் கையால் அமத்திப் பிடித்தாள். "எக்ஸ்ரே. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா... விசா நிண்டிடும் அக்கா. ரெண்டு நாளில... சரிவந்திடும்."

வருத்தத்தை வாழ்நாள் முழுவதும் காட்டி வந்தவள், முதல் தடவையாக அதை ஒளித்தாள். இது பொய் முட்டல்ல என்று தெரிந்துகொள்ள மெற்றில்டாவுக்குக் குழாய் தேவைப்படவில்லை. தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. மூக்கு நுனி விரிந்து விரிந்து சுருங்கியது. மேசையில் வைத்த தண்ணீர்க் கோப்பை காலையில் இருந்த அளவிலேயே இருந்தது. விடிந்ததிலிருந்து அவள் ஒரு தடவையேனும் பாத்ரூமுக்குப் போகவில்லை என்பதும் மெற்றில்டாவுக்குத் தெரியும். ஏனென்றால் செலீன் இந்த வீட்டில் எப்போது எழும்புகிறாள், எவ்வளவு குடிக்கிறாள், எத்தனை தரம் டெல்றீனைக் கூப்பிடுகிறாள் என்பதை அவள் ஒரு வருடமாக, விரும்பாமலேயே, கவனித்து வந்திருக்கிறாள். பொறாமைக்காரியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அவள் தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பினாள்.

மீன் வாங்கிக் கிடந்தது. உட்கார்ந்து செதில் சுரண்டினாள். வீடு அமைதியாக இருந்தது. முனகல் இல்லை, மணிக்கொரு 'அக்கா' இல்லை. அந்த அமைதி அவளுக்குச் சுகமாக இருந்தது. பிழை சொல்ல யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணினாள். அவளே சொல்லவேண்டாம் என்கிறாள். வெள்ளிக்கிழமை மெடிக்கல் முடிந்தால் பயணம்தான். அவள் போய்விடுவாள். பற்றிக்கின் சிரிப்பும் போய்விடும், போகட்டும். பிறகு வேறொன்று தோன்றியது: போகிறவள் கனடாவுக்குப் போகிறாள், பனிக்கும் சூடு வரும் வீட்டுக்கும். நான் எங்கே போகிறேன்? இந்தக் குசினிக்குத்தான். போகட்டுமென்று நினைத்தாலும் எரிந்தது, நிற்கட்டுமென்று நினைத்தாலும் எரிந்தது. சுரண்டிய மீனையே திரும்பவும் சுரண்டினாள்.

டொக்டர் சொன்னது அப்போது முழுவதுமாக நினைவுக்கு வந்தது. சுகமாக இருந்துவிட்டுத் திரும்பக் காய்ந்தால். வசனம் முடிக்க மூச்சுக் காணாவிட்டால். விலாவில் குத்தினால். அவர் சொன்னவை ஒவ்வொன்றாக வந்து குசினி வாசலில் நின்றன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீனைக் கழுவினாள். மிளகாய்த்தூள் பிரட்டினாள்.

கறி இறங்கிய பிறகுதான் அறைக்குப் போனாள்.

செலீன் சுவரில் சாய்ந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. உதடு, நாவற்பழம் தின்றதுபோல நீலம் பாரித்திருந்தது. மெற்றில்டா அவள் கையைத் தூக்கி நகங்களைப் பார்த்தாள். அவையும் அந்த நிறம்தான்.

"செலீன்."

செலீன் கண்ணைத் திருப்பினாள். அவளைப் பார்த்தாள், ஆனால் அவளைக் காணவில்லை.

"அம்மா" என்றாள். "அக்காவை... எழுப்பாதேங்கோ. பாவம்... நித்திரை."

மெற்றில்டாவின் கை அப்படியே நின்றது. பழைய எரிச்சல் எங்கிருந்தோ ஓடிவந்தது. மயங்கிக் கிடக்கும்போதும் இவள் அம்மாவின் மடியில்தான் இருக்கிறாள் என்று. அதற்குப் பின்னாலேயே மற்ற வார்த்தைகள் வந்து சேர்ந்தன. அக்காவை எழுப்பாதேங்கோ. தான் நித்திரை முழித்துச் சுடுதண்ணீர் வைத்த இரவுகளில், அந்த அறைக்குள் இப்படி ஒரு பேச்சு நடந்ததா? நடந்திருந்தால் அது ஏன் தன் காதில் விழவே இல்லை?

யோசிக்க நேரமில்லை. மாடிப்படியில் நின்று, "ருக்கியா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு ருக்கியா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஏறி வந்தாள். செலீனை ஒரு பார்வை பார்த்தாள்.

"யா அல்லாஹ். புள்ளக்கி மூச்சி எடுக்கவே ஏலாம ஈக்குதே அக்கா. சொணங்க வாணாம். எங்கட மஜீட்டுக்கிட்ட சொல்றன், த்ரீவீல் தெருவிலதான் நிக்கிது."

ஒருவர் தோளிலும் ஒருவர் காலிலுமாகப் பிடித்து இறக்கினார்கள். மஜீட் ருக்கியாவின் தம்பி. ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினான். மெற்றில்டா செலீனைப் படுக்கவிடவில்லை. மார்பில் சாய்த்து நிமிர்த்தியே வைத்திருந்தாள். படுத்தால் மூச்சு இன்னும் முட்டும் என்பது சிறுவயதிலிருந்து தெரிந்த விஷயம். அந்தச் சூட்டை அவ்வளவு கிட்டத்தில் அவள் இதற்குமுன் வாங்கியதில்லை. அது எப்போதும் அம்மாவின் இடமாக இருந்தது.

ஆமர் வீதிச் சாவடியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் உள்ளே குனிந்து அடையாள அட்டை கேட்டான். மெற்றில்டா இரண்டையும் நீட்டினாள். செலீனின் அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அவன் முகம் இறுகியது. இறங்கச் சொன்னான்.

"மல்லி" என்றாள் மெற்றில்டா, "மகே நங்கிட்ட ஹுஸ்ம கன்ன பே." தம்பி, என் தங்கைக்கு மூச்சு விட முடியவில்லை என்று. கொட்டாஞ்சேனைக்காரிக்குச் சிங்களம் தடங்கலில்லாமல் வரும். ஆனால் அன்று 'மகே நங்கி' என்று சொன்னபோது குரல் தடுமாறியது. என் தங்கை என்று அவள் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. செலீனின் அக்கா என்றுதான் அவளை எல்லோருக்கும் தெரியும்.

சிப்பாய் இன்னும் குனிந்தான். செலீனின் உதட்டைப் பார்த்தான். தொண்டைக்குழி குழிவதைப் பார்த்தான். அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டு, முன்னால் நின்றவனைப் பார்த்துக் கையை வீசினான். தடுப்பு நகர்ந்தது.

பெரியாஸ்பத்திரியில் செலீனை நேராக உள்ளே எடுத்தார்கள். மூக்கில் ஒக்சிஜன் போட்டார்கள், ஊசி ஏற்றினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். செலீன் பயந்த அதே எக்ஸ்ரே. ஒரு சிங்கள லேடி டொக்டர், இளம் பிள்ளை, மெற்றில்டாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். காய்ச்சல் எப்போது தொடங்கியது? எப்போது விட்டது? திரும்ப எப்போது? சளி வந்ததா, என்ன நிறம்? கடைசியாக எப்போது சிறுநீர் போனது? எப்போதிருந்து மாறாட்டமாகக் கதைக்கிறாள்?

மெற்றில்டா ஒவ்வொன்றுக்கும் தடையில்லாமல் பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரை பாணுக்கு ஜாம் பூசித் தின்றாள். திங்கட்கிழமை இரவு இருமலின் சத்தம் மாறியது, ஈரமாகியது. துவாயில் துரு நிறத்தில் சளி இருந்தது. அதைச் சொல்லும்போதுதான், அந்தத் துவாயைத் தான் கண்டதும் கண்டுவிட்டு ஊறப்போட்டதும் அவளுக்கு நினைவு வந்தது.

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். வைரஸ் காய்ச்சல் நெஞ்சைப் பலவீனப்படுத்திவிட்டுப் போக, பின்னால் நிமோனியா புகுந்திருக்கிறது, வலது பக்கம் கீழே, ஆஸ்துமாவும் சேர்ந்துவிட்டது என்று விளக்கினாள். ராத்திரி தாண்டவேண்டும் என்றாள். பிறகு, "இப்படிக் கவனித்துப் பார்க்கிற ஒருவர் வீட்டில் இருப்பது அவரது அதிர்ஷ்டம்" என்றாள்.

மெற்றில்டா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கவனிப்பு எதற்காக என்று டொக்டருக்குத் தெரியாது.

செலீன் ராத்திரியைத் தாண்டினாள். மறுநாளும் தாண்டினாள். மூன்றாம் நாள் ஒக்சிஜனை எடுத்தபோது முனகினாள். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோர் முகமும் மலர்ந்தது. மெற்றில்டாவின் முகம் கூட.

பார்வையாளர் நேரத்தில் ஒழுங்கையில் பாதி வந்தது. பற்றிக் வாட்டுக்கு வரும்போதெல்லாம் கண் சிவந்திருந்தார். கொச்சிக்கடையில் நேர்ச்சை வைத்தாராம், மெழுகுதிரி ஏற்றினாராம். ருக்கியா தான் பார்த்த பார்வையில் புரிந்துகொண்டதாகக் கதை சொன்னாள். செலீன் மெலிந்த குரலில், "நான் செத்துப் பிழைச்சனான்" என்று தொடங்கினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். மெற்றில்டா கஞ்சிப் போத்தலைக் கழுவிக்கொண்டு நின்றாள். அவளுடைய பழைய இருமல் இன்னும் விடவில்லை. இருமியபோது பக்கத்துக் கட்டில்காரி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு விட்ட நாள், பற்றிக் டிஸ்சார்ஜ் துண்டு எழுதி வாங்கப் போயிருந்தார். அக்காவும் தங்கையும் தனியே இருந்தார்கள். செலீன் உடுப்பை மடித்தபடி, தலை நிமிராமல் கேட்டாள்:

"அக்கா, நீங்கள் அண்டைக்குப் பத்து மணிக்கே கண்டிட்டீங்கள். என்ன?"

மெற்றில்டா கஞ்சிப் போத்தலைத் துடைத்தாள்.

"என்ர கையைப் பாத்தீங்கள். முழங்காலில ஊண்டியிருந்த கையை. உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு எனக்குத் தெரிஞ்சது. பிறகு குசினிக்குப் போயிட்டீங்கள். மீன் சுரண்டுற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது."

"நீதானே சொல்லவேண்டாம் எண்டனீ."

"நான் சொன்னா நீங்கள் கேக்கிற ஆளே? ஒருநாளும் கேட்டதில்லை."

மெற்றில்டா கஞ்சிப் போத்தலைப் பைக்குள் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். "எரிச்சல்" என்றாள் கடைசியில். "எப்பவும் உனக்குத்தான். அம்மாவும் உனக்குத்தான். இப்ப அவரும் பிள்ளையும். எனக்கும் இதே காய்ச்சல்தான் வந்தது செலீன். ஒருத்தரும் காணேல்லை."

"நான் கண்டனான்."

"என்ன கண்டனீ?"

"நீங்கள் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை. நான் கதவுக்கால பாத்தனான். எழும்பி வந்து பிடிக்கேல்லை." செலீன் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "எனக்கும் எரிச்சல்தான். சின்னனில நீங்கள் அப்பாவோட கோவிலுக்கு வெளிக்கிட்டுப் போவீங்கள். நீங்கள் ஓடுவீங்கள். படியில ரெண்டு ரெண்டாப் பாய்வீங்கள். நான் அம்மான்ர மடியில கிடந்து அந்தச் சத்தத்தைக் கேப்பன். ஒருநாள் இவளும் விழவேணும், அப்ப பாப்பம் எண்டு நினைப்பன். அண்டைக்கு நீங்கள் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க, விழுறாவோ எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாருக்கும் அழுகை வரவில்லை. மெற்றில்டாவுக்கு ஒரு வினோதமான ஆறுதல் உண்டானது. பொறாமைப்பட்டுத் தனியே இருந்தோமென்று நினைத்திருந்த இடத்தில், எதிரே இன்னொருத்தியும் அவ்வளவு காலமாக இருந்திருக்கிறாள். பற்றிக் துண்டோடு வந்தார். "என்ன ரெண்டு பேரும் பேசாம இருக்கிறீங்கள்?" என்றார். "ஒண்டுமில்லை" என்று இருவரும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மெடிக்கல் தவறிப்போனது. வேறு நாள் கேட்டு எழுதி, நெஞ்சு முழுவதும் ஆறிய பிறகு, ஐப்பசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. தை மாதம் செலீனுக்குப் பயணம்.

இடைப்பட்ட மாதங்களில் இருவரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. செலீன் தலையிடி என்றால் முன்போலவே படுத்தாள். மெற்றில்டாவின் முகம் முன்போலவே இருண்டது. ஒரே வித்தியாசம், சில நேரம் செலீன் முனகத் தொடங்கும்போது மெற்றில்டா வாசலில் வந்து நின்று அவளை ஒரு பார்வை பார்ப்பாள். செலீன் சிரித்துவிட்டு எழும்பி வந்து வெங்காயம் உரிப்பாள்.

பயண நாள் பின்னேரம் வான் ஒழுங்கைக்குள் வர முடியாமல் வீதியில் நின்றது. ருக்கியா செலீனைக் கட்டிப்பிடித்து அழுதாள். டெல்றீன் விடவே மாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பற்றிக் பெட்டியை ஏற்றிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். மெற்றில்டா தங்கையைப் பார்க்கவேண்டிய நேரத்தில் அந்த லேஞ்சியைப் பார்த்தாள். அது நனைவதைப் பார்த்தாள்.

"இன்ஹேலரைப் பெட்டிக்குள்ள வைக்காதை. கையில வைச்சிரு" என்றாள் செலீனிடம்.

"ஓம் அக்கா."

"பனியில வெறும் தலையோட திரியாதை."

"சரி அக்கா."

வான் புறப்பட்டது. வீட்டுக்கு வந்தபோது மேல்தட்டு பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. டெல்றீன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பற்றிக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். மெற்றில்டா சிறிது நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் போனாலும் இப்பிடி அழுவீங்களோ?" என்று கேட்டாள்.

பற்றிக் கண்ணைத் திறந்தார். கேள்வியே விளங்காதவர்போலப் பார்த்தார்.

"நீ எங்க போகப் போறாய்?" என்றார்.

அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று மெற்றில்டாவுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தாள். அது கொதிக்கும்வரை அதையே யோசித்துக்கொண்டு நின்றாள்.